செவ்வாய்க்கிழமைக் குங்குமம்

ஜெசிந்தா மேடம் இறந்துவிட்டார்... நேற்று விடியற்காலை நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

இதைப் படிக்கிற என் சொந்தக்காரர்கள் பலருக்கு அவர் யாரென்று தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்தான். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டை டவுனில் பெண்கள் உதவி மையம் ஒன்றில் அவர் கவுன்சிலர். வீட்டில் அடி வாங்குகிற பெண்கள் போய் உட்கார்ந்து பேசுகிற இடம். ஒரு வருஷத்துக்கு மேல் நானும் போனேன். வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை.

அனுப்பியது ஒரு நர்ஸ். புருவத்தில் தையல் போடும்போது படியில் விழுந்துவிட்டேன் என்றேன். "போன தடவையும் படிதான் சொன்னீங்க. ஓட்டு வீட்டுல ஏதுக்கா மாடிப்படி?" என்று கேட்டுவிட்டு, ஓ.பி. சீட்டின் பின்னால் மையத்தின் அட்ரஸை எழுதித் தந்தார்.

கோயிலுக்கு என்றால் மட்டும்தான் என்னைத் தனியாக விடுவார்கள். பத்து மணி பஸ்ஸில் ஏறி, பன்னிரண்டரை பஸ்ஸில் வந்து இறங்க வேண்டும். ஸ்டாப்பில் டீக்கடை பெஞ்சில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். கையில் பிரசாதம் இருக்கிறதா என்று பார்ப்பார்.

முதல் நாள் நான் அழக்கூட இல்லை. "சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டு வந்திருக்கேன் மேடம். எனக்கு மனசு ஒப்பல. அடுத்த வாரம் வரமாட்டேன்" என்றேன்.

"கோயிலுக்கும் போய்ட்டு வாங்களேன்க்கா."

"கூட்டமா இருக்கும். ரெண்டும் பாத்தா பஸ்ஸ விட்டுருவேன்."

மேடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப சாமிய இங்க இருந்தே கும்புட்டுக்கங்க. பிரசாதம் நான் வாங்கி வைக்கிறேன்."

அவர் ஆவூர் பக்கத்துக் கத்தோலிக்கர். கழுத்தில் சின்னச் சிலுவை. அடுத்த செவ்வாய், மேஜை டிராயரைத் திறந்து, பேப்பரில் மடித்த குங்குமத்தை எடுத்து நீட்டினார். அம்மன் கோயில் குங்குமமேதான். காலையில் வேலைக்கு வரும் வழியில் வரிசையில் நின்று வாங்கியது.

அந்த ரூமில் என்ன நடந்தது என்றால்... பெரிதாக ஒன்றும் இல்லை. அப்போதெல்லாம் ஒரு தட்டு விழுந்தால்கூட எனக்கு உடம்பு நடுங்கும். "கால் ரெண்டும் தரையில படுதா பாருங்கக்கா. தரை சில்லுன்னு இருக்கா? இப்ப ஒங்கள யாரும் அடிக்கல" என்பார். இதையே எத்தனை வாரம் சொன்னாரோ...

நான் அஞ்சாவதோடு நின்றவள். மற்றதெல்லாம் நானாகப் படித்துக்கொண்டதுதான். ஆனால் வீட்டுக் கணக்கு ஒரு நாள் விடாமல் நோட்டில் எழுதுவேன். "அதுலயே ஓரமா, எத்தன மணி நேரம் தூங்குனீங்கன்னும் எழுதுங்க" என்றார். முதல் பக்கம் முழுக்க இரண்டு, இரண்டரை. ஆடி மாதத்தில் ஒரு நாள் ஆறு. நோட்டை வாங்கி அந்த ஆறை விரலால் தொட்டுப் பார்த்தார்.

ஒரே ஒரு வாரம் தப்பு நடந்தது. பொட்டலத்தை வாங்கி, பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் மாமியார் பிரித்தால், உள்ளே துளசி.

"அம்மன் கோயில்ல எப்பலேருந்துடி துளசி குடுக்குறாக?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கை நின்றது. கால் தரையில் படுகிறதா என்று பார்த்தேன். "பெருமாளையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்தேன் அத்த."

மாமியார் என்னையே பார்த்தார். பிறகு துளசியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "நல்லதுதான். இனிமே ரெண்டு கோயிலு, நேரம் ஆகத்தான் செய்யும். அடுத்த பஸ்ஸுல வா" என்றார். அவருக்கு என்ன தெரிந்தது, எவ்வளவு தெரிந்தது... இன்று வரை நான் கேட்கவில்லை.

மேடத்திடம் சொன்னபோது முகம் வெளுத்துவிட்டது. "அன்னைக்கு லேட்டாயிருச்சுக்கா. பக்கத்துல எந்தக் கோயில் தெறந்திருந்துச்சோ அங்க வாங்குனேன். எனக்கு வித்தியாசம் தெரியல. என்னால ஒங்களுக்கு அடி விழுந்திருக்கும்." அன்று நான்தான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அம்மனுக்குக் குங்குமம், சிவனுக்கு விபூதி, பெருமாளுக்குத் துளசி என்று நான் சொல்லச் சொல்ல, டைரியில் எழுதிக்கொண்டார்.

வீட்டை விட்டு வா என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. யாரிடம் மனு கொடுப்பது, வக்கீலை எங்கே பார்ப்பது என்று தெரிந்துகொள்ள மட்டும் உதவினார். நாள் குறித்தது நான். மகளும் நானும் அன்னவாசலில் வாடகை வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. தூங்கிய கணக்கு எழுதுவதை நிறுத்தியே ரொம்ப நாள் ஆகிவிட்டது.

இன்று மத்தியானம் அடக்கம். கல்லறைத் தோட்டத்தில் அவருடைய தங்கை என்னிடம், "அக்காவ எப்பிடிப் பழக்கம்ங்க?" என்று கேட்டார். 'சும்மா, டவுன்ல தெரிஞ்சவங்க' என்று வாய் வரை வந்துவிட்டது. பழைய பழக்கம்.

அதற்குள் அவரே பேசினார். "அவளுக்கு எங்கிட்டுப் போனாலும் பழக்கம்தான். மூணு நாலு வருஷம் முந்தி, செவ்வாக்கெழம ஆனா அம்மன் கோயில் வரிசையில நிப்பா. எங்க சர்ச்சுப் பங்குல ஒரு மாதிரி பேசுனாங்க, மதம் மாறிட்டாளான்னு. சிரிச்சுக்கிட்டே போயிருவா. யாருக்கு வாங்குறான்னு என்கிட்டகூடச் சொன்னதில்லங்க."

"எனக்குத்தாங்க வாங்குனாங்க" என்றேன்.

சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போல. நாலைந்து பேர் திரும்பினார்கள். அதில் எங்கள் ஊர் ஆள் ஒருவரும் இருந்தார். இருக்கட்டும்.

தங்கை என் கையைப் பிடித்துக் குழியருகே கூட்டிப் போனார். ஒரு கை மண் போட்டேன்.

நாளைக்குச் செவ்வாய்... வரிசையில் நான் நின்றுகொள்கிறேன். நீங்க தூங்குங்க மேடம்.