இரண்டாவது லைனுக்குக் காசு கட்டிய யோகன் அண்ணை

பனியில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாசம்... அதோடு சூடேறிய கம்ப்யூட்டரின் தூசி வாசம். தொண்ணூறுகளின் நடுவில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், எங்கள் அப்பார்ட்மென்டின் வாசல் அலுமாரியைத் திறந்தால் இரண்டும் சேர்ந்து முகத்தில் அடிக்கும்.

அந்த அலுமாரிக்குள் இருந்த கம்ப்யூட்டரில்தான் எங்கள் 'தமிழ் போர்ட்', ஒரு அறிவிப்புப் பலகை மாதிரி, ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் ரவி தொடங்கியது. ஆட்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் மோடத்தால் எங்கள் டெலிபோன் நம்பருக்கு அடித்து, மற்றவர்கள் எழுதியதை வாசித்து, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிவிட்டுப் போவார்கள். வாடகை வீடு, ஊர்ப் புதினம், சண்டை... எல்லாம்.

ஒரு லைனில் ஒருவர்தான் வரலாம். மற்றவர்களுக்கு பிஸி டோன். இன்னொரு லைன் எடுக்க எங்களுக்கு வசதியில்லை. ரவிக்கு ஃபாக்டரி, எனக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை.

அதே நகரத்தின் வில்லரே பகுதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த யோகன் அண்ணை கை கொடுத்தார். இரண்டாவது லைனுக்கு மாதாமாதம் அவர் கட்டுவார். யார் உள்ளே வந்தாலும் முதலில் அவருடைய கடை விளம்பரம் தெரியும்.

கொஞ்சக் காலம் நன்றாகப் போனது.

பிறகு மாலினி என்ற பெண் எழுதினாள். யோகன் அண்ணையின் கடையில் வாங்கிய டெலிபோன் கார்டில், கொழும்பு லொட்ஜில் தங்கியிருந்த அம்மாவோடு கதைத்திருக்கிறாள். கார்டில் போட்டிருந்த நேரத்தில் பாதிகூடப் போகவில்லை, லைன் அறுந்துவிட்டது. "அம்மா ஏதோ சொல்ல வந்தவ. என்னெண்டு தெரியேல்லை."

அதற்குக் கீழே 'எனக்கும்', 'எனக்கும்' என்று வரிசையாகப் பதில்கள்.

அந்தச் சனிக்கிழமை யோகன் அண்ணை வந்தார். சப்பாத்தைக் கூடக் கழற்றவில்லை.

"நான் காசு கட்டுற லைனிலை நிண்டே என்னைக் கள்ளன் எண்டுறாங்கள். அதை அழிச்சு விடு தம்பி."

ரவி என்னைப் பார்த்தார். அழித்துவிடலாம் என்ற நினைப்பு முகத்தில் தெரிந்தது. எனக்கு மனம் வரவில்லை.

"அழிச்சா சனம் வேறை எங்கை போய்ச் சொல்லும் அண்ணை? நீங்களும் எழுதுங்கோ."

"எனக்கு உதிலை அடிக்கத் தெரியாது பிள்ளை."

"நீங்கள் சொல்லுங்கோ, நான் அடிக்கிறன்."

கோபமாகத்தான் தொடங்கினார். ஆனால் நான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்து முடிக்கும்வரை அடுத்த வசனத்துக்கு அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில், மாலினி எழுதியதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"இவ்வளவு நேரமும் சொன்னதை விடு. கார்டைக் கொண்டுவந்தா காசைத் திருப்பித் தாறன் எண்டு போடு. இனி அந்தக் கார்ட் விக்க மாட்டன் எண்டும் போடு."

போட்டேன். சனத்துக்குச் சந்தோஷம். மாலினியும் நன்றி எழுதினாள்.

மாத முடிவில் யோகன் அண்ணை போன் எடுத்தார்.

"கோவிக்காதை பிள்ளை... அந்தக் கார்டிலை வந்த லாபத்திலைதான் உங்கடை லைனுக்குக் கட்டினனான். இனி ஏலாது."

"ஓம் அண்ணை" என்றேன். இரண்டாவது லைனை நிறுத்தினோம். மறுபடி பிஸி டோன். சில வருடங்களில் எல்லோர் வீட்டுக்கும் இன்டர்நெட் வந்தது. போர்டையே மூடிவிட்டோம்.

இப்போது நான் இருக்கிற இன்டர்நெட் குழுக்களில் எத்தனை பேரும் ஒரே நேரத்தில் வரலாம். யாரும் காசு கேட்பதில்லை. போன மாதம் ஒரு குழுவில், ஒரு கடையைப் பற்றிக் குறை எழுதினேன். மத்தியானம் பார்த்தால் பதிவைக் காணோம். ஏன் என்று கேட்டு எழுதினேன். பதில் இல்லை.

கடைக்காரரா, குழு நடத்துகிறவரா, ஏதாவது மெஷினா...

யாரோடு சண்டை பிடிப்பது என்றே தெரியவில்லை.