கெயின் திருகின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி

என் டூல்ஸ் பெட்டியில், ஸ்பானர்களுக்கும் ஃபியூஸ் டப்பாவுக்கும் நடுவே, ஒரு நகப்பூச்சு பாட்டில் கிடக்கிறது. நல்ல ரத்தச் சிவப்பு. மூடியைச் சுற்றிக் காய்ந்து செதில் கட்டிவிட்டது. அவ்வப்போது இரண்டு சொட்டு தின்னர் விட்டு இளக்கி வைக்கிறேன். பெரம்பலூரில் கார்களுக்கு ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் பொருத்திக் கொடுக்கிற கடையில் இது எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். என் மனைவியே, "இன்னும் அதத் தூக்கிப் போடலயா?" என்று கேட்டுவிட்டாள். வேலைக்கு இப்போது அது தேவையில்லை. ஆம்ப்ளிஃபயரின் கெயின் திருகு நிற்கும் இடத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். இருந்தாலும் தூக்கிப் போட முடியவில்லை.

அதை வாங்கியவர் என் மச்சான், அக்காவின் கணவர். அவர் ஊரான லப்பைக்குடிக்காட்டில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பார். அவர் துபாயில் இருந்தார், அங்கேயும் இதே வேலைதான். ஒரு லீவுக்கு வரும்போது அக்காவுக்காக ஆசையாக அந்தப் பாட்டிலை வாங்கி வந்தார். நகத்தில் பூச்சு இருந்தால் தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற ஒளு கூடாது, தொழ முடியாது என்று தெரிந்த மனுஷன்தான். ஆசையில் மறந்துவிட்டார் போல. அக்கா சிரித்தபடியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர் ஒரேயடியாக ஊர் திரும்பி, என்னையும் கூட்டுச் சேர்த்துக் கடை போட்டபோது பாட்டிலும் கடைக்கு வந்து சேர்ந்தது.

ஒயர் இழுப்பது, மரப்பெட்டி செய்வது, பொருத்துவது எல்லாம் நான். ட்யூனிங் அவர். காரின் பின்சீட்டை மடக்கிப்போட்டு, டிக்கிப் பக்கம் கை எட்டுகிற மாதிரி உள்ளேயே உட்கார்ந்து, கதவு கண்ணாடி எல்லாவற்றையும் அடைத்துக்கொள்வார். 'ம்ம்ம்' என்று ஒரே சுரத்தில் நீளும் ஓசையை ஓடவிட்டு, கெயின் திருகை மயிரிழை மயிரிழையாக ஏற்றுவார். ஓரிடத்தில் அந்த ஓசையின் ஓரத்தில் மெல்லிய கரகரப்பு தட்டும். தட்டியதும் ஒரு துளி பின்னால் இறக்கி நிறுத்த வேண்டும். தாண்டினால் பாட்டு கெடும், சப்வூஃபருக்குள் இருக்கிற கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். எல்லோரும் அதை வால்யூம் என்று நினைப்பார்கள். "இது சத்தம் ஏத்துற திருகு இல்லைங்க. பாட்டுப் பெட்டி சொல்றத ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு காது கொடுத்துக் கேக்கணும்கிற திருகு" என்பார். திருப்தியானதும் திருகின் மேல் நகப்பூச்சால் ஒரு புள்ளி. புள்ளி வைத்த வண்டியை அவரே மறுபடி தொடமாட்டார். "பாய் கடையில பொட்டு வச்சு அனுப்புறாங்கய்யா" என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்வார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

முதலில் புகாரோடு திரும்பி வந்தவர் அரும்பாவூர் வாத்தியார் ஒருவர். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு பாய். ஆனா பாடுறவருக்குத் தொண்டை கட்டுன மாதிரியே இருக்கு" என்றார். மச்சான் உள்ளே உட்கார்ந்து கேட்டுவிட்டு, "ஒண்ணுமில்லைங்களே, சுத்தமா இருக்கே" என்றார். கண்ணாடி அடைத்த காருக்கு வெளியே நின்ற எனக்கே கரகரவென்று கேட்டது. அடுத்த மாதம் அரியலூரிலிருந்து ஒரு வேன்காரர் கருகிப்போன சப்வூஃபரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சரக்கு சரியில்ல" என்று மச்சான் கம்பெனியைத் திட்டினார். அதன் பிறகுதான் மற்றதெல்லாம் எனக்கு உறைத்தது. அக்கா முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது எழுந்திருக்காமல், வாட்சைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்து ஓடுகிறார். இத்தனை வருஷம் அடைத்த காருக்குள் அந்தச் சத்தத்தோடு உட்கார்ந்ததில், மெல்லிய ஓசைகள்தான் அவர் காதை விட்டு முதலில் போயிருந்தன. அந்தக் கரகரப்பும் அதில் ஒன்று.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. அந்தக் காதை நம்பித்தான் ஜெயங்கொண்டத்திலிருந்தெல்லாம் வண்டி வருகிறது. அது போச்சு என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்து, "மீட்டர் ஒண்ணு வாங்கிப் போட்டுறலாமா மச்சான்?" என்று கேட்டுப் பார்த்தேன். "பாட்டு கேக்கப் போறது மீட்டராடா?" என்று சிரித்துவிட்டார். நானும் கூடச் சிரித்தேன். கோழைத்தனம்தான், வேறென்ன சொல்ல.

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் மதியம் லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போவார். போய் வர அரைமணி நேரம் ஆகும். அதற்குள் காலையில் அவர் ட்யூன் செய்த வண்டிக்குள் ஏறி, பிளேடால் புள்ளியைச் சுரண்டி, கெயினை இறக்கி, அதே பாட்டிலைத் திறந்து அதே சிவப்பில் புதுப்புள்ளி வைத்துவிடுவேன். அவர் அங்கே நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவில் இருக்கிற நேரத்தில் நான் இங்கே கள்ளக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். புகார்கள் நின்றன. "பாத்தியா, சரக்கை மாத்துனதும் சரியாப் போச்சு" என்றார். எனக்குக்கூட ஏதோ பெரிய புண்ணிய காரியம் செய்கிற நினைப்பு. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அந்த இரண்டு வருஷமும் அவர் தினமும் காருக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு, முன்பைவிடச் சத்தம் கூட்டி உட்கார்ந்துகொண்டிருந்தார் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஒருநாள் தொப்பியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தார். ஒரு கையில் பிளேடு, ஒரு கையில் பாட்டில், டிக்கிக்குள் நான். பாட்டிலையும் சுரண்டிய திருகையும் பார்த்தார். பிறகு, "எவ்வளவு நாளா?" என்றார். "ரெண்டு வருஷமா மச்சான்" என்றேன், குனிந்தபடியே. "என்ன?" என்றார். நிமிர்ந்து மறுபடி சொன்னேன். கேட்கவில்லை. என் உதட்டையே பார்த்துக்கொண்டு ஒரு அடி கிட்டே வந்தார். மூன்றாம் முறை கத்தித்தான் சொன்னேன். எதிர் டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யார் காதிலும் விழக்கூடாது என்று இரண்டு வருஷமாகப் பொத்திவைத்ததை நடுரோட்டில் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "சொல்லியிருக்கலாம்லடா. உள்ள போய் உக்காராமயாச்சும் இருந்திருப்பேன்" என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு தொழப் போய்விட்டார்.

திருச்சியில் காது டாக்டரிடம் கூட்டிப் போனோம். போனது போனதுதான், மருந்தில்லை என்றார் டாக்டர். இரண்டு வருஷம் முன்னாலேயே அந்தச் சத்தத்தை விட்டு விலகியிருந்தால் இருந்த மிச்சமாவது நின்றிருக்கும் என்றார். மச்சானுக்கு அது கேட்கவில்லை. "என்ன சொல்றாரு?" என்று அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. இன்றுவரை அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்கமாட்டாளா என்று நான் காத்திருக்கிறேன். காதில் மாட்டுகிற மெஷினும் வாங்கினோம். எல்லாம் ஒரே இரைச்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஜும்ஆ தொழுகை முடிந்து கடைக்கு வருவார். போன வாரமும் வந்தார். டிக்கி திறந்து நின்ற ஒரு காரின் அருகே போய், சப்வூஃபர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அரியலூர்ப் பக்கம் போகிற சிமெண்ட் லாரிகள் மூன்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடையைக் கடந்தன. தரையே அதிர்ந்தது. மச்சான் முகம் மலர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது, அன்று மலர்ந்தது. "சுத்தமா இருக்குடா. புள்ளி வை" என்றார்.

ஆம்ப்ளிஃபயருக்கு நான் இன்னும் கரண்டே கொடுத்திருக்கவில்லை. பேட்டரி ஒயர் தரையில் கிடந்தது. அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான்தான். டூல்ஸ் பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்தேன், குலுக்கினேன், திருகின் மேல் புள்ளி வைத்தேன். அவர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். ஊருக்குப் போகிற பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு வந்து, அந்தப் புள்ளியைச் சுரண்டி எடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.