கசப்பு உப்பும் அவருடைய நாடியும்

என் கணவருடைய நெஞ்சில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் உள்ளங்கைதான் அதை முதலில் கண்டுபிடித்தது. சளி, தடிமன் பிடித்தால் பச்சைப் பிள்ளையாகிவிடுகிற மனிதர். அன்றும் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "இன்னும் கொஞ்சம் மேல" என்று என்னை ஏவிக்கொண்டிருந்தார். என் கைக்குக் கீழே இதயம் ஓடியது, தடுக்கியது, நின்றதுபோல் இருந்தது, மறுபடி ஓடியது.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"எப்படி?" என்றார். நான் முறைத்த பிறகு, "மழைக் காலத்தில இருந்து" என்றார்.

மழை விட்டு, எங்கள் பாத்திகளில் உப்பு விளைந்து, அதை வாரியெடுக்கும் முதல் வாரலும் முடிந்திருந்தது. அவ்வளவு காலமும் மூச்சுவிடாமல் இருந்திருக்கிறார். கோபத்தில் தைலப் போத்தலை மூடவும் மறந்துபோனேன்.

புத்தளம் களப்போரத்தில் (கடல்நீர் ஏரிக்கரையில்) எங்களுக்கு ஒரு சிறிய உப்பளம் இருக்கிறது. என் கணவருக்கு அவருடைய வாப்பா விட்டுப்போனது. எங்கள் ஊரில் விருந்துக்குச் சஹனில் (பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டு) உட்கார்ந்தால் முதலில் உப்புக் கிண்ணம்தான் சுற்றிவரும். ஆளுக்கொரு விரல் தொட்டு நாவில் வைத்த பிறகே சோற்றில் கை வைப்பார்கள். கல்யாணத்தன்று மாப்பிள்ளையும் பெண்ணுமாக எங்களை ஒரே தட்டில் உட்காரவைத்தார்கள். அவர் உப்பைத் தொட்டு நாவில் வைத்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு என் காதோரம் குனிந்து, எங்கள் வாழ்க்கையின் முதல் வார்த்தையைப் பேசினார்.

"இது எங்கட உப்பு இல்ல. கடைசித் தண்ணி கலந்திருக்கு. கசக்குது."

புதுப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது! தலை குனிந்திருந்த எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. உப்பு விளைந்த பிறகு பாத்தியில் எஞ்சும் நீரைத்தான் அவர் கடைசித் தண்ணி என்பார். அதில் மக்னீசியம் அதிகமாம். வடித்துவிடாவிட்டால் உப்பு கசந்துபோகும். உப்பளத்தைப் பார்க்கவந்த அதிகாரி ஒருவர் எப்போதோ சொன்ன அந்தப் பெயரை அவர் மறக்கவேயில்லை. அவருடைய நாக்கை நம்பி உப்பு வாங்கியவர்கள் உண்டு. அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் எனக்கு இனிக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பெண் டொக்டர், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் துடிதுடிக்கும் நிலை) என்றார். இரத்தம் உள்ளே கட்டிப்போய் மூளைக்கு ஏறாமலிருக்க ஒரு மருந்து, துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஒன்று, கால் வீக்கம் வடிய நீர்க் குளிசை (சிறுநீரைக் கூட்டும் மாத்திரை). இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும் மக்னீசியமும் குறைவாக இருந்ததால் அவற்றுக்கும் குளிசைகள் தந்தார்.

"நீர்க் குளிசை தண்ணியோட இந்தச் சத்துகளையும் வெளிய கொண்டுபோயிடும், ஐயா" என்றார் டொக்டர். "மக்னீசியம் குறைஞ்சா பொட்டாசியமும் உடம்பில நிக்காது. ரெண்டும் குறைஞ்சா துடிப்பு இன்னும் குழம்பும். கூடினாலும் ஆபத்துத்தான். அதால நீங்களா கூட்டவோ குறைக்கவோ வேணாம். சாப்பாட்டில உப்பையும் குறையுங்க."

கடைசி வசனத்தில் மட்டும் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இறைச்சிக் கடைக்காரனை மரக்கறி தின்னச் சொன்னதுபோல் இருந்தது அவர் முகம்.

வீட்டில் உப்புக் குறைந்த ஆணத்தை (குழம்பை) அவர் சாப்பிட்ட விதத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கட்டாரில் இருக்கும் எங்கள் மகளிடம் அதைச் சொன்னேன். ஊருக்கு வந்த ஒருவரிடம் அவள் ஒரு பைக்கற் கொடுத்தனுப்பினாள். "இருதயத்துக்கு நல்ல உப்பாம் உம்மா, இங்க எல்லாரும் பாவிக்கிறாங்க" என்றாள். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். உப்பளத்துக்காரர் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து உப்பு வந்து இறங்கியது.

அவர் ஒரு சிட்டிகை எடுத்து நாவில் வைத்தார். புருவம் ஏறியது.

"கசக்குது" என்றார்.

"பிடிக்காட்டி வேணாம். வைங்க."

"இல்ல, விளங்கேல்லையா? இது கடைசித் தண்ணியிட கசப்பு. அப்ப இதில மக்னீசியம் இருக்கு. டொக்டர் குறைவெண்டு சொன்ன சாமான் இதுதானே?"

வாழ்நாள் முழுக்க வடித்துவிட்ட தண்ணீர் கடைசியில் மருந்தாகத் திரும்பி வந்துவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். சோற்றுக்கு, பருப்புக்கு, மீன் ஆணத்துக்கு, கஞ்சிக்கு என்று தாராளமாகத் தூவிக்கொண்டார். மக்னீசியக் குளிசை வயிற்றைக் கலக்குகிறது என்று அதை நிறுத்திவிட்டார். "உப்பிலயே இருக்கே" என்றார். பொட்டாசியக் குளிசையை மட்டும் ஒருவேளையும் தவறாமல் விழுங்கினார். டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று சொல்லிப்பார்த்தேன். உப்பு விஷயத்தில் அவரோடு வாதாடி நான் ஒருநாளும் வென்றதில்லை. அவர் பசியாறச் சாப்பிடுவதைப் பார்த்து எனக்கும் மனம் நிறைந்திருந்தது.

பிறகு கால்கள் கனக்கின்றன என்றார். சாப்பாடு குமட்டியது. ஒருநாள் மதியத்து லுஹர் தொழுகையில், நெற்றி தரையில் பட ஸுஜூதுக்குப் போனவர் எழும்பவில்லை. நீளமாக துஆ (வேண்டுதல்) கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போனபோது, "எழும்ப ஏலாம இருக்கு" என்றார். அவரைப் புரட்டிப் படுக்கவைத்து நெஞ்சில் கை வைத்தேன். இந்தமுறை இதயம் ஓடவில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில், யா அல்லாஹ் என்று நான் சொல்லிமுடிக்க நேரம் இருந்தது.

பக்கத்து வீட்டு வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதே டொக்டர்தான். ஈ.சி.ஜி.யைப் பார்த்தவுடன் அவர் முகம் மாறியது.

"புதுசா ஏதும் மருந்து எடுத்தவரா, அம்மா? நாட்டு மருந்து? சாப்பாட்டில மாற்றம்?"

"இல்ல டொக்டர். ஒண்டுமில்ல" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் உப்பு, கிணற்றுத் தண்ணீர் மாதிரி. அதை யார் சாப்பாட்டில் மாற்றம் என்று கணக்கில் எடுப்பார்கள்?

கட்டிலில் கிடந்தவர்தான் வாய் திறந்தார். "நான் நல்ல உப்புத்தான் சாப்பிடுறன். மகள் அனுப்பினது. மக்னீசியம் உள்ளது."

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். அந்தப் பைக்கற்றை உடனே கொண்டுவரச் சொன்னார். வேன்காரர் போய் எடுத்துவந்தார். டொக்டர் அதன் பின்பக்கத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதில மக்னீசியம் இல்ல, அம்மா. பாதிக்கு மேல பொட்டாசியம். அதுவும் கசக்கும்."

குளிசையிலும் பொட்டாசியம், கஞ்சியிலும் பொட்டாசியம். சிறுநீரகங்களும் வயதானவை, வெளியேற்ற முடியவில்லை. ஹைபர்கலீமியா (இரத்தத்தில் பொட்டாசியம் அளவுமீறுதல், இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது) என்றார்கள். இதயத்தைக் காக்கக் கல்சியம் ஊசி ஏற்றினார்கள். பொட்டாசியத்தை இரத்தத்திலிருந்து உடலின் கலங்களுக்குள் (செல்களுக்குள்) தள்ள, குளுக்கோஸோடு இன்சுலின் கொடுத்தார்கள். நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணத் தட்டில் அவர் சொன்ன "கசக்குது" என்ற வார்த்தைதான் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. உப்பில் தொடங்கிய எங்கள் பேச்சு உப்பிலேயே முடிந்துவிடுமோ என்று பயந்து, போகிறவர் வருகிறவர் பார்க்க, விம்மி விம்மி அழுதேன்.

அல்லாஹ் கைவிடவில்லை. துடிப்பு மெல்ல மெல்ல ஏறியது. செய்தி கேட்டுத் தொலைபேசியில் அழுத மகளிடம் அவர், "உன்ட உப்பு நல்ல உப்புத்தான் மகள். எனக்குத்தான் ஒத்துவரல்ல" என்றார்.

அது உண்மைதான். அதே உப்பு இன்னொருவருக்கு நன்மை செய்யலாம். இதே நோயோடு இருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: கிளினிக்குக்குக் குளிசைகளைக் கொண்டுபோகும்போது உப்புப் பைக்கற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பொட்டாசியமும் மக்னீசியமும் கூடியதா குறைந்ததா என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். என் கணவருடைய நாக்குக்குக்கூட அது தெரியவில்லை.

இப்போது பொட்டாசியக் குளிசை இல்லை. வயிற்றைக் கலக்காத வேறு மக்னீசியக் குளிசை, சாப்பாட்டுக்குப் பிறகு. இரத்தப் பரிசோதனைக்குத் தவறாமல் போகிறோம். படபடப்பு முழுதாக விட்டுப்போகவில்லை, அடங்கியிருக்கிறது. முன்பு மழை, வெயில், வாரல் என்று எங்கள் வருடம் போகும். வெயில் ஏறினால் அவர் களப்பைப் பார்ப்பார், நான் அவர் வரும் பாதையைப் பார்ப்பேன். இப்போது அவர் இருமினாலும் என் கை தானாக அவர் நெஞ்சுக்குப் போகிறது.

மகளும் கடல் கடந்துவிட்டதால் வீட்டில் நாங்கள் இருவர்தான். கல்யாணத்தன்றுபோல் ஒரே தட்டில் சாப்பிடுகிறோம். அவர் எங்கள் உப்பளத்து உப்பில் ஒரே ஒரு பரலை எடுத்து நாவில் வைத்து, கண்ணை மூடிக் கரையவிடுகிறார். ஆணத்தில் நான் குறைத்த உப்புக்கெல்லாம் அதுதான் ஈடு.

நேற்றும் அப்படித்தான். என் இடது கை அவர் நெஞ்சில் இருந்தது. அவர் கண்ணைத் திறக்காமலே, "என்ன, உப்புக் கூடவா, குறைவா?" என்று கேலியாகக் கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

அடுத்த துடிப்பு வந்தது.

"ஓம், சரியா இருக்கு. சாப்பிடுங்க."