காற்றில்லாத டேங்க்

மட்டாஞ்சேரியில் எங்கள் வாடகை வீட்டில் ஒரு டம்ளர் கழுவினாலே, மாடிக்கும் எங்களுக்கும் பொதுவான கிணற்று மோட்டார் ஓடி, உடனே நிற்கும். "தமிழருக்குக் குழாயை மூடவே தெரியாது" என்று மாடியிலிருந்து வீட்டுக்காரச் சேட்டன் கத்துவார். மோட்டாரை ஒட்டியிருக்கும் பிரஷர் டேங்க்கில் காற்று இருந்தால்தான் அது தண்ணீரைத் தள்ளும், மோட்டாருக்கு ஓய்வு கிடைக்கும். தட்டிப் பார்த்தேன், மேல்வரை தண்ணீர்தான். சேட்டனிடம் சொன்னேன். குடியிருப்பவன் சொல் எடுபடுமா? மோட்டார் சுவிட்சை மட்டும் மாற்றினார்.

பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு ஊருக்குப் போனோம். திரும்பியபோது மோட்டார் கருகிக் கிடந்தது.

"குழாயைத் திறந்துபோட்டுப் போயிட்டீங்க" என்றார் சேட்டன்.

வாசலோரம் மூடிக் கிடந்த வால்வைத் தலையசைத்துக் காட்டினேன்.

"இப்ப வந்து மூடியிருப்பீங்க."

ஊரிலிருந்து தூக்கிவந்த பெட்டிகள் இரண்டும் இன்னும் என் கையில்தான் இருந்தன.