மணலில் சிவப்புக் குச்சி

கனடாவின் மொன்றியலில் ஒரு பூங்கா. ஊஞ்சலடி மணலில் ஒருவர் உலோகம் தேடும் கருவியோடு நடக்கிறார். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளுக்காக ஆணி தேடுகிறாராம். பின்னாலேயே அந்தப் பிள்ளைகள். கருவி கத்துகிறது. “தள்ளி நில்லுங்கோ!” என்று கையை விரிக்கிறார். தமிழ் தெரியாத பிள்ளைகளும் மரத்தடிவரை ஓடுகிறார்கள். அந்த இடத்தில் சிவப்புக் குச்சி நட்டு, குப்புறப் படுத்து, விரலால் மணலை விலக்குகிறார். வெறும் சோடா மூடி.

“இதுக்கா இவ்வளவு பயம், அண்ணே?” என்று சிரித்தபடி கேட்டுத் தொலைக்கிறேன்.

“ஊரில கண்ணிவெடி எடுத்தனான், தம்பி. எங்கட காணியிலயும் நானேதான் தேடினனான். தேத்தண்ணி கொண்டந்த மகள் பின்னால நிண்டதைப் பாக்கேல்லை.”

கருவி மறுபடி கத்துகிறது. அவர் மணலைப் பார்க்கவில்லை. திரும்பிப் பிள்ளைகளைப் பார்க்கிறார்.