பத்து மணி வரை வாய் திறக்காதவர்

காலணிகளைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு, கம்பளிக் காலுறையோடு, ஏரியைப் பார்த்த ஜன்னலருகே போய் நின்றுகொள்கிறார் ஐலா. தொலைபேசி காதுக்கும் தோளுக்கும் நடுவில். கையில் பாதி கடித்த அவித்த முட்டை. உட்கார்ந்துகொண்டு பனிப்புயலைப் பற்றிப் பேசும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஏன் என்று கேட்டால், "ஏரியப் பத்திப் பேசறப்ப அது மூஞ்சியப் பாத்துப் பேசணும். இல்லேன்னா கோள் மூட்டற மாதிரி ஆயிடும்" என்பார்.

அமெரிக்காவில், சுப்பீரியர் ஏரியின் தென்கரையில், வானிலை அலுவலகத்தில் வேலை. சுற்றுவட்டார மாவட்டங்களின் பேரிடர் அதிகாரிகள் எல்லோரும் காலை பத்து மணிக்கு ஒரே இணைப்பில் வந்து காத்திருப்பார்கள். எத்தனை அடி பனி என்று ஐலா ஆரம்பிப்பதே இல்லை. "நீங்க எதை முடிவு பண்ணணும், எப்பக்குள்ள பண்ணணும்? மொதல்ல அதச் சொல்லுங்க" என்பார். ஒருவருக்குப் பள்ளி விடுமுறை, ஒருவருக்குப் பனி வாரும் வண்டிகள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டபின், "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு" என்று பிரித்துக் கொடுப்பார். தெரியாததைச் சொல்லும்போதும் அவர் குரல் இறங்காது.

மேற்கு மாவட்ட அதிகாரி கிளைட் பெஷாருக்கு அந்தக் குரல்தான் தெம்பு. போன வருஷம் யாரோ தொலைக்காட்சியில் கத்தியதை நம்பி, ஐலாவைக் கேட்காமல், ஊரையே அடைத்துப் போட்டார் மனிதர். வந்தது வெறும் தூறல். அன்றிலிருந்து பெட்ரோல் பங்கில் அவர் தலை தெரிந்தால் யாராவது ஒரு குடையை நீட்டுகிறார்கள். இன்னொரு முறை பொய்த்தால் அவர் பேச்சை ஒரு நாயும் மதிக்காது. அது அவருக்கே தெரியும்.

வீட்டில் ஐலா வானிலை பேசமாட்டார். கணவர் ரெய்னோ நல்லவர், ஆனால் ஓட்டைவாய். அவர் காதில் காலையில் அரையடிப் பனி விழுந்தால் மதியத்துக்குள் ஊர் முழுக்க மூன்றடியாகிவிடும். ஒரு பள்ளி மூடும், பக்கத்துப் பள்ளி மூடாது. அதனால், அதிகாரிகள் எல்லோரும் ஒன்றாகக் கேட்கும்வரை வேறு யாருக்கும் ஒரு வார்த்தை கிடையாது, கட்டிய கணவருக்கும் கிடையாது. "ஊருக்கெல்லாம் புயல் வருதுங்கறா. எனக்குச் சாப்பாடு ரெடிங்கறதோட சரி" என்று அலுத்துக்கொள்வார் ரெய்னோ.

இந்த நவம்பரில் மான் வேட்டை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு கணினிக் கணிப்புகள் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்றன. புயல் வர வாய்ப்பு பத்துக்கு மூன்று என்று ஐலா மனசுக்குள் மதிப்புப் போட்டார். பத்துக்கு மூன்றை வைத்துக்கொண்டு அவர் யாரையும் அலறவைக்கமாட்டார். வேட்டை தொடங்கும் நாள் இங்கே ஒரு திருநாள். பள்ளிகள் மூடிவிடும், ஊரில் பாதி ஆண்கள் காட்டுக் குடில்களில்தான் இருப்பார்கள், அங்கே கைபேசி எடுக்காது. மறுநாள் விடியுமுன் ரெய்னோவும் கிளம்பிப் போனார்.

அவர் போனபின் அலுவலகத்துக்கு வந்த ஐலா பார்த்தால், எல்லாக் கணிப்புகளும் ஒரே பக்கம் திரும்பியிருந்தன. ஏரி இன்னும் சூடாக இருந்தது, அதன்மேல் குளிர்ந்த வடமேற்குக் காற்று வந்துகொண்டிருந்தது; இரண்டும் சேர்ந்தால் கரையில் பனி கொட்டித் தீர்க்கும். பத்து மணிக்கு முட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"கிளைட், பத்துக்கு ஏழு. நாளைக்கு மத்தியானம் காட்டுப் பாதை மூடிக்கும். நாலஞ்சு நாளைக்குத் தெறக்காது. மூணு பங்கு நான் தப்பாவும் இருக்கலாம்."

கிளைட் உடனே, "ரெய்னோ?" என்றார்.

"காலைலயே போயிட்டார்" என்ற ஐலா, அதே குரலில் காற்றின் வேகத்தைச் சொல்லத் தொடங்கினார்.

கிளைட் துணிந்து, குடில்களைக் காலிசெய்ய ஆட்களை அனுப்பினார். தீபாவளிக்கு முதல் நாள் பட்டாசைப் பிடுங்கப் போனவர்களுக்கு என்ன வரவேற்போ அதுதான் அவர்களுக்கும். போன குடிலெல்லாம் ஒரே பதில்: "ஐலா புருஷனே அங்க உக்காந்து சீட்டாடறார். அவருக்குத் தெரியாத புயலா?" வேறு வழியில்லாமல் கிளைட்டே ரெய்னோவின் குடிலுக்கு வண்டியை விட்டார்.

"அவ ஒண்ணும் சொல்லலியேப்பா" என்றார் ரெய்னோ, சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொடை கொண்டுவந்தியா?"

உட்கார இடம் வேண்டி, கிளைட் பெஞ்சிலிருந்த ரெய்னோவின் பையைத் தூக்கினார். கை இழுத்தது.

"ரெண்டு ராத்திரிக்கா இவ்வளவு கனம்?"

முந்தின மாலை ஐலா கட்டிக் கொடுத்த பை. ரெய்னோ இன்னும் திறக்கவில்லை. கிளைட் பிரித்தார். மேலே, இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுட்ட பாஸ்டிகள், வழக்கம்போல. அதற்குக் கீழே அவரைப் பயறு டப்பாக்கள், மெழுகுவத்தி, தீப்பெட்டி, கம்பளி. அடியில் ரெய்னோவின் இதய மாத்திரை, இரண்டு வாரத்துக்கு.

ரெய்னோ அந்த மாத்திரை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சீட்டு வந்திருந்தும் கவிழ்த்து வைத்தார்.

"கெளம்புங்கடா" என்றார், கூடச் சீட்டாடியவர்களிடம்.

அதன்பின் கிளைட்டின் வண்டிகளுக்கு வேலையே இல்லை. வழியிலிருந்த குடில்களில் எல்லாம் ரெய்னோ இறங்கி இறங்கிப் பையைத் திறந்து காட்டினார். அந்த ஓட்டைவாய்க்கு அப்படி ஒரு உபயோகம் இருப்பதைக் கிளைட் அன்றுதான் கண்டார். மறுநாள் மத்தியானம் பாதை மூடியபோது காட்டில் மனிதர் யாரும் இல்லை.

ரெய்னோ வீடு திரும்பியது முந்தின நாள் மாலையே. ஐலா கம்பளிக் காலுறையோடு வந்து கதவைத் திறந்தார்.

"பத்து மணிக்குத்தான சொன்ன?" என்றார் ரெய்னோ.

"பத்து மணிக்குத்தான்."

பையை வாங்கிக்கொண்டு போய் டப்பாக்களை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினார் ஐலா. மாத்திரை அட்டையை மட்டும் உள்ளே வைக்கவில்லை. அதைக் கையில் இறுக்கிக்கொண்டு, ஏரி தெரியும் ஜன்னலருகே போய், ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.