ஓடை தாண்டி வரும் மாடுகள்

வீட்டுக்குப் பின்னால் தொழுவத்தில் தகர டப்பாக்கள் கடகடவென்று உருண்டன. "அய்யோ, என் முழங்கால்" என்று ஓர் ஆண் குரல் முனகியது.

அடுப்படியில் நின்ற மாட்டுக்காரி அசையவில்லை. விழுந்தது கொழுந்தன் என்று தெரியும். உருண்டது நாற்று வைத்த டப்பாக்கள் என்றும் தெரியும். பதறிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள், பதற்றம்தான் வரவில்லை. புருஷன் போனதிலிருந்து அவளுக்கு எல்லாமே தூரத்தில் யாருக்கோ நடப்பது போலத்தான்.

கொழுந்தன் நொண்டிக்கொண்டே வந்தான்.

"தொழுவத்துல கால் வைக்க இடமில்ல அண்ணி. மாடு கட்டின இடத்துல இப்ப செடியா?"

"செடி முட்டாது தம்பி. உக்காரு."

"முட்டாதா? என் முழங்காலக் கேட்டுப் பாருங்க."

மாட்டுக்காரி என்பது ஊர் வைத்த பெயர். இன்று அவளிடம் ஒரு கன்றுக்குட்டிகூடக் கிடையாது. ஒரு காலத்தில் அவளும் புருஷனும் ஓட்டிப் போன மந்தைக்கு ஊரோரத்து ஓடைதான் தாய்வீடு. நாணலைத் தின்றன, கோரையைத் தின்றன, துளிர்த்ததையெல்லாம் துளிர்த்த அன்றே தின்றன. வேர் செத்த கரை குளம்புகளுக்கு அடியில் பொடிந்துகொண்டே வந்தது. ஒரு மழைநாளில், சேற்றில் சிக்கிய கன்றைப் பிடிக்கப் போன புருஷனோடு சேர்ந்து சரிந்தது.

அவள் அழவில்லை. மந்தையைக் கொழுந்தனிடம் ஒப்படைத்தாள். நாலைந்து மாதம் கழித்து, ஓடையை மீட்கும் வேலைக்குக் கூலியாகச் சேர்ந்தாள். இடிந்த கரையில், வெட்டி நட்டாலே வேர்விடும் ஆற்றுப்பாலைக் குச்சிகளை ஊன்றுவாள். தண்ணீர் ஓரமாகக் கோரைக் கிழங்கு புதைப்பாள். நட்டதைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். குச்சிகள் துளிர்த்தன. அதைப் பார்த்தும் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆனால் மாடுகள் விடவில்லை. எதிர்க்கரையில் மேய்ந்துகொண்டிருப்பவை திடீரென்று ஓடை தாண்டி, கம்பியை நெரித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். வேலி பக்கம் கொழுந்தன் கண் வைப்பதில்லை என்று அவளே மேஸ்திரியிடம் புகார் சொன்னாள். இன்னொரு முறை மாடு நுழைந்தால் இந்தப் பக்க வேலையையே நிறுத்திவிடுவதாக மேஸ்திரி சொல்லிவிட்டார்.

கொழுந்தன் முழங்காலைத் தேய்த்தபடி, "மந்தைய வித்துட்டேன் அண்ணி. மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் வாங்கிக்கிட்டார். கசாப்புக்கு இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். காலையில லாரி வருது" என்றான்.

"ஏன் தம்பி? வேலிய ஒழுங்காப் பாத்துக்கிட்டாப் போதுமே."

அவன் முழங்காலைத் தேய்ப்பதை நிறுத்தினான்.

"வேலி ஒழுங்காத்தான் இருக்கு. நேத்து எதிர்க்கரையில நான் நின்னேன். நீங்க குனிஞ்சு குச்சி ஊனிக்கிட்டே அதுங்களக் கூப்பிடறீங்க."

"நானா?"

"நீங்கதான். அண்ணன் கூப்பிடுமே, நாக்க ரெண்டு தட்டுத் தட்டி, ஊவ்னு இழுத்து. அதே மாதிரி. கூப்பிட்டா வராம என்ன பண்ணும்? என் பேச்சக் கேக்காதவ வீட்ல ஒருத்தி இருக்கறது போதாதுன்னு, அதுங்களும் கேக்கறதில்ல."

அவள் தன் உதடுகளைத் தொட்டுப் பார்த்தாள். வேறு யாருடைய வாயோ போலிருந்தது. கண்ணில் வராதது வாய் வழியாகக் கிளம்பி, நட்ட செடியையெல்லாம் தின்ன வைத்திருக்கிறது.

"அத அப்பவே மேஸ்திரிகிட்ட சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொன்னா உங்க வேலை போயிடும். அப்புறம் வீட்ல உக்காந்து சுவத்தப் பாப்பீங்க. நான் பாத்தேனே, அந்த நாலஞ்சு மாசம்." அவன் வலித்த காலை நீட்டி வைத்துக்கொண்டான். "நான் கூப்பிட்டா அதுங்க லாரியில ஏறாது. காலையில நீங்க வந்து ஒரு வாட்டி கூப்பிடணும்."

"நான் வர மாட்டேன்."

"அப்ப அடிச்சுத்தான் ஏத்தணும். கிழட்டு வெள்ளச்சி அடி தாங்காது அண்ணி."

அடுப்பில் தண்ணீர் கொதித்துச் சுண்டிக்கொண்டிருந்தது. அவள் அதை இறக்கி வைத்துவிட்டு வந்து, அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நாக்கத் தட்டு. மேலண்ணத்துல இல்ல, பல்லுக்குப் பின்னால."

அவன் தட்டினான்.

"இப்ப இழு. கத்தாத. மாடு பக்கத்துலதான் நிக்குதுன்னு நெனச்சுக்கோ."

அவன் இழுத்தான். ஓட்டுநர் லாரியைப் பின்னால் எடுப்பது போலிருந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவன் மட்டும் சிரித்தான். மறுபடி இழுத்தான். மறுபடியும். கடைசியில், செத்துப்போன அண்ணனின் குரல் தம்பியின் தொண்டையிலிருந்து அச்சு அசலாக எழுந்தது.

அவன் பயந்துபோய் நிறுத்தினான்.

இதோ, இப்போது அழுகை வரும் என்று அவள் காத்திருந்தாள். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது, வெளியே வரவில்லை.

"அவ்வளவுதான். வந்துடுச்சு. வெள்ளச்சிய முதல்ல ஏத்து, மத்ததெல்லாம் பின்னாலயே வரும்."

அவன் எழுந்து வாசல்வரை நொண்டினான். நிலைப்படியில் கைவைத்து நின்றான்.

"இனிமே நடும்போது தாராளமாக் கூப்பிடுங்க அண்ணி. எதுவும் வராது."

"சரி தம்பி. பாத்துப் போ, இருட்டப் போகுது."

அவன் தெருவில் இறங்கி நடந்தான். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.